உடைந்தவை: பூஜ்யம்

பல் மருத்துவமனையின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. மேலே "நிரந்தர உள்கம்பிச் சேவை" என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே "பொருத்தியவை" என்று ஓர் எண். அது மாதாமாதம் ஏறும். அதற்கும் கீழே "உடைந்தவை" என்று இன்னோர் எண். அது பூஜ்யம். பதினொரு வருஷமாகப் பூஜ்யம். வெயிலிலும் மழையிலும் மற்ற எழுத்தெல்லாம் வெளுத்துப்போனாலும் அந்தப் பூஜ்யம் மட்டும் நேற்று எழுதியது போல இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெயின்டர் ஏணியோடு வந்து, அதை மட்டும் புதுசாக எழுதிவிட்டுப் போவார். எண்ணைக் கூட்டுகிற ஆள் வேறு, பூஜ்யம் எழுதுகிற ஆள் வேறு. பூஜ்யத்துக்குத்தான் கைத்திறமை அதிகம் வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கிறது.

அந்தப் பலகையின் கீழே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நம் தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

அவர் பெரிய தையல்காரர் ஒன்றும் இல்லை. புதுத் துணி தைப்பவர் இல்லை, தைத்ததைத் திருத்துகிறவர். நீளமான கால்சட்டையைக் குறைப்பார், இறுகிப்போன இடுப்பை விட்டுக்கொடுப்பார், அறுந்த ஜிப்பை மாற்றுவார். கடையில் இரண்டு மிஷின். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி. அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கத்திரிக்கோல் நாடா கட்டித் தொங்கும். ஆனால் நூலை அறுக்க வேண்டிய நேரத்தில் கை அதை நோக்கிப் போகாது. தலைதான் துணியை நோக்கிக் குனியும். முன்பல்லால் ஒரு கடி, அறுந்தது நூல். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்படிக் குனிந்து கடித்தபோதுதான் வாய்க்குள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் பின்னால் ஒட்டியிருந்த மெல்லிய கம்பி, நான்கு பற்களை விட்டுப் பெயர்ந்து, நாக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமலே. "கழுத்துல அந்தக் கத்திரிக்கோல எதுக்கு மாட்டியிருக்கீங்க, அழகுக்கா?"

அவர் கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்தார். பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

முன்னொரு காலத்தில் அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் நிற்கும். அதற்கடுத்த பல் யாரோடோ கோபித்துக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வருவதற்கு முன்னால் அவருக்குக் கை வந்துவிடும். கல்யாணப் போட்டோவில்கூட அவர் இருமுகிறவர் போலத்தான் இருக்கிறார். அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, கடையில் யாரோ சொன்ன தமாஷுக்கு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, தரையில் துணித்துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பல்லில் அப்போது ஒரு குறையும் இல்லை. சிரிப்பது என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே போய், நரை எட்டிப் பார்க்கிற வயதில், பல்லுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு வந்தார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கிளிப்பைக் கழற்றியதும், பற்கள் பழைய இடத்துக்கே போய்விடாமல் இருக்கப் பின்பக்கம் இந்த உள்கம்பியை ஒட்டி, "இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்று அனுப்பிவைத்தார்கள். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மகளும் திறந்து சிரித்தாள். இது நடந்து ஏழு வருஷம். அவள் பற்களும் வளர வளர அப்பாவின் பாதையிலேயே போக, இப்போது அவளுக்கும் அதே மருத்துவமனையில் கிளிப் போட்டிருந்தது. இன்னும் ஒரு வருஷத்துக்குள் கழற்றிவிடுவார்கள்.

கம்பி போனால் பல் நகரும். பல் நகர்ந்தால் பழைய கை திரும்ப வரும். அவருடைய பயம் இவ்வளவுதான்.

பதிவு கவுன்டரில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"உங்க ஃபைல் 'முடிஞ்சது' அலமாரியில இருக்கு சார். நல்லபடியா முடிஞ்சிருக்கு."

"சரிங்க. அத எடுங்க."

"முடிஞ்சத எப்படி எடுக்கறது? இன்னும் முடியலன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தா எடுக்கலாம்."

"டாக்டரப் பாக்கத்தாங்க வந்திருக்கேன்."

"ஃபைல் இல்லாம டாக்டர் எப்படிப் பாப்பாரு? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பதினாலு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டகூட 'முடியாது'ன்னு சொன்னதில்ல. 'நாளைக்கு வாங்க'ன்னுதான் சொல்லியிருக்கேன். அது ஒரு மனிதாபிமானம்."

தையல்காரர் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. குமாஸ்தாவின் சட்டைக் கைப்பட்டியில் ஒரு பொத்தான் கடைசி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் பொத்தானைப் பார்த்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சட்டையின் உள்மடிப்பில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தார், குமாஸ்தாவின் கையைப் பிடித்தார், நாலே குத்தில் தைத்து முடித்தார். பழக்கதோஷத்தில் நூலைக் கடிக்கக் குனிந்து, சட்டென்று நின்றுவிட்டார். கழுத்தில் தொங்குவது அவருக்கு ஞாபகம் வருவதற்குள், குமாஸ்தா மேஜை டிராயரிலிருந்து ஒரு கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

"ஃபைலு கைதவறிக் கீழ விழுந்துச்சுன்னு வச்சுக்குவோம்," என்றார் குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, கோப்பை வெளியே எடுத்தபடி. "காரணம் எழுதணும். எதக் கடிச்சீங்க?"

படிவத்தில் பதினேழு காரணங்கள் அச்சடித்திருந்தன. எலும்பு, ஐஸ் கட்டி, கொட்டை, பேனா மூடி, பாட்டில் மூடி, நகம், கைகலப்பு என்று போயிற்று. நூல் இல்லை.

"எலும்புன்னு போட்டுருங்க," என்றார் குமாஸ்தா. "எலும்புன்னா உணவுப் பிரிவுக்குப் போயிடும். அங்கயே புதுசு ஒட்டி, எலும்பு மேல பழியப் போட்டு அனுப்பிடுவாங்க. வாசல் பலகைக்கு வம்பில்ல."

"நான் எலும்பு கடிக்கலையேங்க. நூலுதான் கடிச்சேன்."

"அதனால என்ன? எலும்பு வந்து மறுத்துப் பேசப்போகுதா?"

தையல்காரர் கால்சட்டையில் கால் அங்குலம்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனிதர். பதினேழாவது காரணமான "மற்றவை"க்கு நேராக டிக் அடித்து, பக்கத்தில் "நூல்" என்று எழுதினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான். குமாஸ்தா அவரைப் பார்த்த பார்வையில் உண்மையான துக்கம் இருந்தது.

மேலே இரண்டாம் மாடியில் ஓர் இளம் டாக்டரம்மா. நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"ஓ, பெயர்ந்திருக்கா? ரெண்டு நிமிஷ வேலைங்க. எடுத்துட்டுப் புதுசு ஒட்டிடலாம்," என்று சொல்லிக் குறடைக் கையில் எடுத்தாள். தையல்காரருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அப்போது நர்ஸ் படிவத்தை நீட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்தாள். குறடைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தாள்.

"மற்றவையா? அப்ப நான் தொடக்கூடாதுங்க. சேத ஆய்வுக் குழு பாக்கணும். அவங்க பாக்கறவரைக்கும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"நாக்கு கிழியுதுங்க. கொஞ்சம் மெழுகாவது வச்சு விடுங்களேன்."

"மெழுகு வச்சா ஆதாரம் மறைஞ்சிடுமே." அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பாவம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "வேற எந்தப் பல் டாக்டர்கிட்டயும் போயிடாதீங்க. கம்பி மருத்துவமனையோட சொத்து. யாராவது தொட்டா இங்க உங்க குடும்பச் சிகிச்சை அட்டை ரத்தாயிடும். உங்க மக கிளிப்பும் அந்த அட்டையிலதான் இருக்கு, பாத்தீங்களா? நாக்குக்கு வேணும்னா எதிர்க் கட்டடத்துக்குப் போங்க. நாக்கு வேற டிபார்ட்மென்ட்."

எதிர்க் கட்டடத்தில் நாக்கு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, புண்ணைப் பார்த்து, ஆர்வமாகத் தலையாட்டினார். "நாக்குல தப்பே இல்ல. நாக்கு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. கம்பிதான் நகர்ந்து வந்திருக்கு. ஆனா கம்பி எங்க அதிகாரத்துல இல்ல. நாக்கு எங்க அதிகாரத்துல இருக்கு. அதனால நாக்கத்தான் நகர்த்தணும்."

அப்படியாகத் தையல்காரர் புதன்கிழமைதோறும் நடக்கும் நாக்கு ஒதுக்கும் வகுப்பில் சேர்ந்தார். பன்னிரண்டு பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் மரக்குச்சியால் மேஜையைத் தட்டி, "இடது! வலது! கீழே! அப்படியே வச்சுக்கிட்டு உங்க விலாசத்தச் சொல்லுங்க!" என்பார். பன்னிரண்டு பேரும் சொல்லும் விலாசத்துக்கு எந்தத் தபாலும் போய்ச் சேராது. தையல்காரருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். இரண்டு வருஷமாக வருகிறாராம்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் புண்ணு அண்ணே?" என்று கேட்டார் தையல்காரர்.

"எனக்கு ஒரு புண்ணும் இல்ல தம்பி. எதிர்வீட்டுக்காரருக்குத் துணைக்கு வந்தேன். அவரு குணமாகிப் போயிட்டாரு. என் பேர மட்டும் எடுக்க மாட்டேங்கறாங்க. வரலன்னா என் பென்ஷன் அட்டையில 'ஒத்துழைக்காதவர்'னு போடுவாங்களாம்."

எட்டு வாரத்தில் தையல்காரர் தேர்ச்சி பெற்றார். நாக்கு கம்பியில் படாமல் பேசக் கற்றுக்கொண்டார். அந்தப் பேச்சு வேறு யாருக்கும் புரியவில்லை என்பது ஒன்றுதான் குறை. கடையில் அவர் "எத்தனை அங்குலம் குறைக்கணும்?" என்று கேட்டால், வந்தவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி மொழிபெயர்ப்பாள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைதோறும் இன்னொரு சடங்கு தொடங்கியிருந்தது. மகள் ஜன்னல் வெளிச்சத்தில் அப்பாவை உட்காரவைத்து, "வாயத் திறப்பா" என்பாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நூலை விட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் எந்த நூலும் நுழையவில்லை. மூன்றாம் வாரம் இருப்பதிலேயே மெல்லிசான நூல் போயிற்று. இரண்டாம் மாதம் சாதாரணத் தையல் நூல். அதன்பிறகு அதே நூல் இரட்டையாக. ஒவ்வொரு துண்டையும் ஓர் அட்டையில் ஒட்டி, கீழே தேதி எழுதி வைத்தாள். துணிக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி அட்டை போலவே அழகாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"நானே குறட எடுத்துப் பிடுங்கிடறேன்," என்றாள் மனைவி ஒரு நாள். அவளிடம் அதற்கேற்ற குறடு இருந்தது. மிஷின் ஊசி உடைந்தால் எடுப்பதற்கு வைத்திருந்தாள். "அந்த நாசமாப்போன கம்பியக் கொண்டுபோய் அவங்க மூஞ்சில வீசிட்டு வரலாம்."

"பாப்பா கிளிப்பு இருக்குல்ல," என்றார் அவர். அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. மனைவி குறடை டிராயரில் போட்டு ஓங்கிச் சாத்தினாள்.

நாலாம் மாதம் குழு கூடியது. நீள மேஜை, ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் டம்ளர். நடுவில் தலைமை மருத்துவர். தையல்காரருக்கு நாற்காலி இல்லை. அவர் ஆதாரத்தைத் தாங்கி வந்தவர் என்பதால் நிற்க வேண்டும்.

"ஒரு விஷயத்த முதல்லயே தெளிவா சொல்லிடறேன்," என்று தலைமை மருத்துவர் ஆரம்பித்தார். "இந்த நிறுவனத்துல நோயாளிதான் முதல்ல. பதினொரு வருஷமா நம்ம கம்பி ஒண்ணுகூட உடையல. ஏன்? தரமா? தரமும்தான். ஆனா முக்கியமா, நாங்க அவசரப்பட மாட்டோம். உடைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்னா, உடனே நம்பிட மாட்டோம். அவரே சந்தேகப்படறவரைக்கும் விசாரிப்போம். அதுதான் விஞ்ஞானம்."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஒருவர் 'விஞ்ஞானம்' என்று குறித்துக்கொண்டார்.

தையல்காரர் மகள் செய்த நூல் அட்டையை எடுத்து நீட்டினார். அது கை மாறி மேஜையைச் சுற்றி வந்தது. எல்லாரும் ரசித்தார்கள்.

"நல்ல வேலைப்பாடு," என்றார் தலைமை மருத்துவர். "ஆனா இது நூலு. நாங்க பல்லு. எங்க அதிகாரத்துல வராதே. சரி, நூலக் கடிச்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. நூலு எப்படிக் கம்பிய உடைக்கும்? கடிச்சுக் காட்டுங்க."

"இப்பவாங்க?"

"இப்பவேதான். ஊசி நூல் இருக்கா?"

இருந்தது. துணி வேண்டுமே என்று எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கடைசியில் தலைமை மருத்துவரே பெரிய மனசு பண்ணித் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதில் நடுப்பொத்தான் ஆறு மாதமாக இல்லை. பையிலேயே வைத்திருந்தார்.

தையல்காரர் நின்றபடியே தைத்தார். குழு எட்டிப் பார்த்தது. பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றி இறுக்கி, பின்பக்கம் முடிச்சுப் போட்டார். நாலு மாதப் புதுப் பழக்கத்தில் கை தானாகக் கழுத்துக் கத்திரிக்கோலைத் தேடியது. அன்று அதை வாசலில் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"கத்திரிக்கோல் வேண்டாம். வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படி," என்றார் தலைமை மருத்துவர்.

"மிச்சமும் போயிடுங்க..."

"நீங்க ஒத்துழைக்கலன்னு எழுதிக்கலாமா?"

தையல்காரர் மகளின் கிளிப்பை நினைத்துக்கொண்டார். குனிந்தார். கடித்தார். 'டக்' என்ற சத்தம் இந்தத் தடவை மேஜையின் கடைசி வரை கேட்டது. ஐந்தாவது பல்லும் விட்டுப்போயிற்று. இப்போது கம்பி ஒரே ஒரு பல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

குழுவில் பெரும் உற்சாகம். குறிப்பெடுப்பவர் எழுதியதை உரக்கப் படித்தார்: "கம்பியானது குழுவின் கண்ணெதிரே, நோயாளியால், தன் சொந்தப் பற்களைக் கொண்டு, எவருடைய தூண்டுதலுமின்றிப் பெயர்க்கப்பட்டது."

"முன்னாடியே பெயர்ந்திருந்துச்சுங்களே!" என்றார் தையல்காரர். நாக்கு வகுப்பில் தேர்ச்சி பெற்ற வாய் என்பதால் அது யாருக்கும் புரியவில்லை. தலைமை மருத்துவர் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். "அருமை," என்றார். "முடிவத் தபால்ல சொல்றோம்."

தபால் வரவில்லை. அவர்தான் வாரம் இரண்டு தடவை போய் விசாரித்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பொத்தான் விஷயம் அதற்குள் மருத்துவமனை முழுக்கப் பரவியிருந்தது. அவர் தலை தெரிந்தால் போதும், நர்ஸுகள் தையல் விட்ட சட்டையோடு வந்துவிடுவார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் திரைச்சீலையைக் கொடுத்தார். பதிவு குமாஸ்தா வீட்டுத் தலையணை உறைகளையே கொண்டுவந்தார். "நம்ம ஆளு," என்று எல்லாரும் சொன்னார்கள். நம்ம ஆளுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடைத்தது. கம்பியைப் பற்றிக் கேட்டால், "அது மேல இருக்குங்க, நடந்துக்கிட்டே இருக்கு," என்பார்கள். இளம் டாக்டரம்மா மட்டும் எதையும் தைக்கக் கொடுக்கவில்லை. அவரைக் கண்டால் வேறு வழியாகப் போய்விடுவாள். அவளைப் பற்றி நினைக்கும்போதுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மகளின் அட்டையில் ஜீன்ஸ் தைக்கும் தடித்த நூல் வந்தது. அப்புறம் நாடா. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்து அப்பாவின் பல்லிடுக்கில் வைத்தாள். அது நின்றது. பக்கத்துப் பல்லும் பழைய கோபத்தை மறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. மகள் பொத்தானை அட்டையில் ஒட்டவில்லை. கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கும் இதே கம்பிதான ஒட்டுவாங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ நூல் கடிக்கப் போறியா என்ன?" என்று சொல்லி அவர் சிரித்துக் காட்டினார். சிரித்தது கண்கள் மட்டும்தான். கை வாய்க்கு முன்னால் வந்து நின்றிருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

குழுவின் இறுதி முடிவுக்கும் மகளின் கிளிப்பைக் கழற்றுவதற்கும் ஒரே நாளாகக் குறித்திருந்தார்கள். இருவரும் சேர்ந்தே போனார்கள். வாசலில் பெயின்டர் ஏணிமேல் நின்று பூஜ்யத்துக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். மகள் கீழ்த்தளத்தில் கழற்றும் அறைக்குப் போனாள். அவர் மாடிக்கு ஏறினார்.

மேஜையில் இரண்டு பெரிய போட்டோக்கள் இருந்தன. ஒன்று, ஏழு வருஷத்துக்கு முன் சிகிச்சை முடிந்த நாளில் எடுத்தது. இன்னொன்று, அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன் எடுத்தது. அவரை வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டையும் மாறி மாறிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"சிகிச்சை முடிஞ்ச நோயாளியோட இவர் பல்லு பொருந்தல," என்றார் ஓர் உறுப்பினர்.

"கொஞ்சம்கூடப் பொருந்தல," என்றார் இன்னொருவர்.

"முதல் போட்டோவோட?"

"அச்சு அசல் அப்படியே இருக்குங்க."

தலைமை மருத்துவர் எழுந்து நின்றார். நடுப்பொத்தான் உறுதியாக இருந்தது. "பாருங்க, எட்டு மாசம் பொறுமையா இருந்ததோட பலன் இது. அவசரப்பட்டிருந்தா எவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கும்! எங்ககிட்ட சிகிச்சை முடிச்சவரு வேற. இவரு இன்னும் சிகிச்சையே ஆரம்பிக்காதவரு. ஆரம்பிக்காத சிகிச்சை எப்படித் தோத்துப்போகும்? அதனால எதுவும் உடையல. எங்களுக்கும் வருத்தமில்ல, உங்களுக்கும் வருத்தமிருக்க நியாயமில்ல."

"அப்ப என் வாயில இருக்கற கம்பி?" என்று கேட்டார் தையல்காரர். வாய்விட்டு, நாக்கு கம்பியில் கிழிபட்டாலும் பரவாயில்லை என்று, தெளிவாகக் கேட்டார்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல கேள்வி," என்றார் தலைமை மருத்துவர் மெதுவாக. "சிகிச்சை எடுக்காத ஒருத்தர் வாயில மருத்துவமனைச் சொத்து எப்படி வந்துச்சு? அத நாங்க பெருசு பண்ண விரும்பல. நீங்க எங்களுக்கு எவ்வளவோ தைச்சுக் குடுத்திருக்கீங்க."

மணி அடித்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஸ்டோர் கீப்பர் வந்தார். பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார், வாயைத் திறக்கச் சொன்னார், திருகினார். கம்பி கையோடு வந்துவிட்டது. அதை ஒரு கவரில் போட்டு, எண் எழுதி, ஒட்டி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம். இளம் டாக்டரம்மா முதல் நாளில் சொன்ன அதே இரண்டு நிமிஷம்.

"புது நோயாளி அட்டை கீழ குடுப்பாங்க," என்றார் தலைமை மருத்துவர் அன்போடு. "உங்க வயசுக்குக் கிளிப் போடணும்னா காத்திருப்பு வரிசை கொஞ்சம் நீளம். ஒன்பது வருஷம் ஆகலாம். ஆனா ஒட்டிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல."

அவர் படியிறங்கி வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு நாக்கில் கம்பி குத்தாமல் இருந்தது. பேசலாம். ஆனால் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

கீழே போட்டோ அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கிளிப் போயிருந்தது. பின்னால் புதுக்கம்பி ஒட்டியாயிற்று. நேரான, பளிச்சென்ற பற்கள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. கிளிப் போட்ட பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அவர் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துணித்துண்டுகளுக்கு நடுவில் அவளைப் பார்த்த அந்த நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தார். சந்தோஷம் தாங்காமல் அவரும் சிரித்தார். சிரிப்புக்கு முன்னால் கை வந்துவிட்டது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"வா பாப்பா, நிறைவுப் படம் எடுக்கணும்," என்று போட்டோக்காரர் கூப்பிட்டார். அவளை வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார். விளக்கைப் போட்டார். "நல்லாச் சிரி. பல்லு எல்லாம் தெரியணும். பலகைக் கணக்குல உன் நம்பரு ஏறப்போகுது."

அவள் கை மெதுவாக மேலே வந்து வாயை மூடிக்கொண்டது.

"கைய எடு பாப்பா."

அவள் எடுக்கவில்லை.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, வாசலில் நின்றவரைப் பார்த்தார். "சார், நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க சார்."

"கைய எடும்மா," என்றார் தையல்காரர். அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவர் கை இன்னும் அவர் வாயின் மேலேயே இருந்தது.